நாலாவது நாள் தொறந்துடணும்

ரப்பர் குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறுநுனியை வாயில் வைத்து அக்கா ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். கன்னம் இரண்டும் உள்ளே போய் வெளியே வரும். தண்ணீர் நாக்கைத் தொட்டதும் குழாயை வாளிக்குள் தாழ்த்திவிட்டு, வாஷ்பேசினில் ‘தூ’ என்று துப்புவார். வாளியில் அழுக்குத் தண்ணீர் தானாக இறங்க ஆரம்பிக்கும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் பல்வலியை மறந்து முகம் சுளிப்பார்கள்.

“அது மீன் மூத்திரம்க்கா” என்று ஒருமுறை சொன்னேன்.

“நீ குடிக்கிற லாரித் தண்ணில மட்டும் இன்னா, பன்னீரா கீது?” என்றார்.

மயிலாப்பூரில் மாடியில் இருக்கும் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். பல் பிடுங்க வருகிறவர்கள் மீனைப் பார்த்தால் பயம் தெளிவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எங்கள் டாக்டர் வெயிட்டிங் ஹாலில் செடிகள் வைத்த ஒரு மீன்தொட்டியை அமைத்தார். நோயாளிகளைவிட அதை அதிகம் பார்த்தது நான்தான். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் தனியாக ஏறமாட்டேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்குள் வேர்த்துவிடும். பல் டாக்டரிடமே பதினொரு வருஷம் வேலை பார்த்தும், என் சொத்தைக் கடவாய்ப் பல்லை இன்றுவரை அவரிடம் காட்டியதில்லை.

தொட்டி வந்த ஆறாம் மாதம் தண்ணீர் பச்சையாகிவிட்டது. கண்ணாடியில் வழவழப்பு, இலைகளில் முடி முடியாகப் பாசி. முதலில் வந்த ஆள் ஒரு பாட்டில் மருந்தை ஊற்றிவிட்டுப் போனார். இரண்டு நாளில் பாசி போனது. மூன்றாம் நாள் செடிகள் கரைந்து, மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. பயம் தெளிய வைத்த தொட்டியைப் பார்த்து ஒரு சின்னப் பெண் வீறிட்டு அழுதாள். அதற்கப்புறம்தான் யாரோ, தொட்டி சுத்தம் செய்கிற இந்த அக்காவை அனுப்பினார்கள்.

திங்கள்தோறும் கோட்டூர்புரத்து ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து பழைய ஸ்கூட்டியில் வருவார். ஹாண்டில்பாரின் இரண்டு பக்கமும் பெயின்ட் வாளிகள் தொங்கும். கழுத்தில் அந்த ரப்பர் குழாய், டாக்டர்கள் மாட்டிக்கொள்வதுபோல. ஐம்பது வயதிருக்கும். வந்த அன்று தொட்டியைப் பார்க்கவேயில்லை. அதன் ஸ்விட்ச் எங்கே என்று தேடினார்.

“லைட்டு எப்போ போடுவே?”

“காலைல ஒம்பதுக்கு.”

“எப்போ நிறுத்துவே?”

“கிளினிக் மூடும்போது. அதுவும் ஒம்பதுதான்.”

“பன்னண்டு மணி நேரம் வெயில்ல குந்திப் பாரு. ஒனக்கே பாசி புடிக்கும்.”

அன்றைக்கே விளக்கு ஆறு மணி நேரமாகக் குறைந்தது. தீனியைப் பாதியாக்கினார். “மீனுக்கு வயிறு அதும் கண்ணு சைசுதான். அதுக்கு மேல நீ போடறதெல்லாம் பாசி துன்றதுக்கு.” ஜன்னலுக்குத் திரை போட வைத்தார். செடிகளை இரண்டு மடங்காக்கினார். செடி வயிறு நிறையச் சாப்பிட்டால் பாசிக்கு மிச்சம் இருக்காது என்பது அவர் கணக்கு. மருந்து பாட்டில்களை மட்டும் தொடமாட்டார். “பயந்தவ கைல தொட்டியக் குடுக்கக்கூடாது. பச்சையப் பாத்த ஒடனே பாட்டிலத் தொறந்துடுவா” என்பார். சொல்லும்போது என்னைத்தான் பார்ப்பார். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு நான் ‘ரிசப்ஷனு’.

இதற்கெல்லாம் அடங்காத பாசிக்கு அவரிடம் கடைசி வைத்தியம் ஒன்று இருந்தது. மூடிவிடுவது. மூன்று பழைய குடைகளின் கறுப்புத் துணியைப் பிரித்து, கம்பி குத்திய ஓட்டைகளை அடைத்து, தொட்டிக்கு உறைபோலத் தைத்து வைத்திருந்தார். காற்று மோட்டார் மட்டும் ஓடும். வெளிச்சம் கிடையாது, தீனி கிடையாது. துணியின் இரண்டு விளிம்பும் சேருகிற இடத்தில், கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டுவார். அதுதான் சீல்.

“மூணு நாளு. உள்ள இன்னா ஆவுதுன்னு பாக்கக்கூடாது. பாசிக்கு வெளிச்சம்தான் சோறு. நீ எட்டி எட்டிப் பாத்தா, அதுக்கு ஊட்டி உடற மாரி.”

முதல் தடவை மூடியபோது எனக்கு முதல் நாள் போனது. இரண்டாம் நாள் மத்தியானம் தாங்கவில்லை. உள்ளே, புதிதாக வாங்கி விட்ட எட்டு மீனும் செத்துக் கிடப்பதாகவே தோன்றியது. பொட்டை நகத்தால் மெதுவாக எடுத்து, துணியைத் தூக்கிப் பார்த்தேன். இருட்டுக்குள் ஏதோ அசைந்தது. எனக்கு உயிர் வந்தது. பொட்டைத் திரும்ப அதே இடத்தில் ஒட்டினேன்.

அக்கா வந்ததும் பொட்டை விரலால் தடவினார். அவ்வளவுதான். “ஒரு தபா எடுத்த பொட்டு திரும்ப ஒட்டாது ரிசப்ஷனு. பிசினெல்லாம் தூசி ஏறிக் கீது பாரு” என்றார். திட்டவில்லை. புதுப் பொட்டு ஒன்றை ஒட்டி, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

நாலாவது நாள் காலையில் துணியை எடுத்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. எட்டு மீனும் வெளிறிப்போய் ஒரு மூலையில் நின்றன. முந்தின நாளே பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரை ஊற்றி, பாதித் தொட்டியை அவசர அவசரமாக மாற்றினார். எப்போதும் நிதானமாக இருக்கிறவர் அப்போது மட்டும் பரபரப்பார். “மூடறது பெரிசில்ல. நாலாவது நாளு தொறந்துடணும். செத்த பாசி உள்ளியே அழுவும். உயிரோட கீற பாசி மீனக் கொல்லாது, செத்த பாசி கொல்லும்.” ஒரு மணி நேரத்தில் மீன்களுக்கு நிறம் திரும்பியது. நான் கையெடுத்துக் கும்பிடாத குறை.

போகப்போகத்தான் தெரிந்தது, அக்கா தொட்டியை மட்டும் மூடவில்லை. மகனுடைய ப்ளஸ் டூ ரிசல்ட்டை மூன்று நாள் பார்க்கவிடவில்லை. அவன் சாப்பிடாமல் அழுதானாம். பாஸ்தான். “நல்லதா இருந்தா நாளைக்கும் நல்லதாத்தான் இருக்கும். கெட்டதா இருந்தா நாளைக்குத் தெரிஞ்சாப் போதாதா?” என்றார். என்னைப்போன்ற கோழைக்கு அது அமிர்தம். காலண்டர் தாளின் பின்னால் எழுதியே வைத்துக்கொண்டேன்.

ஆற்றோர வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதும் அப்படித்தான். அக்கம்பக்கத்தார் அன்றே படித்துவிட்டு, பக்கத்திலேயே வீடு கேட்டு மனு கொடுக்க ஓடினார்கள். அக்கா அதை மடித்து, பொட்டு ஒட்டி, அரிசி டப்பாவுக்குள் வைத்தார். பிரித்தபோது மனு கொடுக்கும் நாள் முடிந்திருந்தது. ஊருக்கு வெளியே எங்கோ எட்டாவது மாடியில் வீடு என்று ஆனது. “போனாப் போவுது, காத்து வரும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அந்தக் காலண்டர் தாளைத் திரும்பப் படித்தபோது, அது முன்போல இனிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அக்கா குழாயை வாயில் வைக்கவில்லை. முழுக் குழாயையும் தொட்டிக்குள் அமுக்கித் தண்ணீர் நிரப்பி, நுனியைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்து வாளிக்குள் விட்டார். அதுவும் தண்ணீரை இறக்குகிற ஒரு முறைதான். ஆனால் அக்காவின் முறை இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. “என்னக்கா, மூத்திரம் கசக்குதா?” என்று கிண்டல் செய்தேன். சிரிக்க வாயைத் திறந்தவர் பாதியில் மூடிக்கொண்டார். அப்போது பார்த்தேன். நாக்கின் பக்கவாட்டில் வெள்ளையாக, ஓரம் தடித்து ஒரு புண்.

இத்தனை வருஷத்தில் டாக்டரின் அறையிலிருந்து எவ்வளவோ காதில் விழுந்திருக்கிறது. ஆறாத புண் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அன்று டாக்டர் அறையில் இருந்தார். அக்காவைத் தள்ளாத குறையாக உள்ளே கொண்டுபோனேன். எத்தனை நாளாக என்று கேட்டார். “ரெண்டு மாசம் இருக்கும் சார். சூடா துன்னதுல வெந்துட்ச்சு.” டாக்டர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதையை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்.

ஒரு சனிக்கிழமை ரிசல்ட் வந்தது. டாக்டருக்கு போனில் வந்துவிட்டது. அக்காவுக்கான ஒட்டிய கவர் என் மேஜைக்கு வந்தது. அதை நான் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டியிருக்கவும் இல்லை. “அவங்களை உடனே வரச் சொல்லுங்க. வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வரட்டும். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கறேன்” என்று டாக்டர் சொன்ன தினுசே போதும்.

போன் செய்தேன். “வரேன் ரிசப்ஷனு, வரேன்” என்றார். டாக்டர் போன் செய்தால் எடுக்கவில்லை. வழக்கமாகப் பத்து மணிக்கு மேல் வருகிற அக்கா, திங்கட்கிழமை காலை எட்டுக்கே வந்து நின்றார். கிளினிக்கைத் திறந்து பெருக்கவிட நான் மட்டும் அந்நேரம் இருப்பேன். டாக்டர் பத்துக்குத்தான் வருவார். அது அக்காவுக்குத் தெரியும். தொட்டியைச் சுத்தம் செய்து முடித்தபின் கவரை நீட்டினேன். வாங்கி, திருப்பிப் பார்த்து, கைப்பையிலிருந்து மெரூன் பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டிய இடத்தின்மேல் ஒட்டினார். என் மேஜை டிராயரை அவரே இழுத்து உள்ளே வைத்தார்.

“மூணு நாளு போவட்டும்.”

“அக்கா, இது பாசி இல்லக்கா.”

“எல்லாம் பாசிதான். பாத்துக்கினே இருந்தா வளரும்.”

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன், டிராயர் மூடிய சத்தம் கேட்டபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் அழுவதை நான் பார்க்க வேண்டியதில்லை, இன்றைக்கு இல்லை.

“அடுத்த தடவை வந்தா உட்கார வெச்சிட்டு எனக்கு போன் பண்ணுங்க. பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்றார் டாக்டர். சரி சார் என்றேன். அடுத்த திங்கள் எட்டு மணிக்கு அக்கா வந்தபோது போன் என் கையில்தான் இருந்தது. டாக்டரின் நம்பரையும் எடுத்துவிட்டேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. நம்பரை அழுத்தாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். டாக்டர் வந்து கேட்டதற்கு, “அவசரமாப் போய்ட்டாங்க சார்” என்று பொய் சொன்னேன். பயந்தவள் பொய் சொல்வதற்குப் பயப்படுவதில்லை.

மூன்றாவது திங்களன்று வந்தபோது தொட்டியில் முடிப் பாசி மண்டியிருந்தது. இரண்டு வாரமாக அவர் கை சரியாக வேலை செய்யவில்லை. குடைத்துணியைப் போர்த்தினார். பொட்டு ஒட்டினார். இரண்டு வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து வாஷ்பேசினுக்குக் கீழே வைத்தார். “வியாழக்கிழம வரேன்” என்றார். சொல் தடித்து வந்தது.

வியாழக்கிழமை வரவில்லை.

அதுவரை ஒரு நாலாவது நாளைக்கூட அவர் தவறவிட்டதில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் துணியைத் தொடவில்லை. வருவார், வந்துவிடுவார் என்று சாயங்காலம்வரை மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்ததும் வாடை வந்தது, அடைத்துக்கொண்ட சாக்கடைபோல. ஐந்து நிமிஷம் அப்படியே நின்றிருப்பேன். பிறகு பொட்டைப் பிய்த்து, துணியை இழுத்தேன்.

செத்த பாசி பழுப்பாகக் குழைந்து தண்ணீர் முழுக்க மிதந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு மிதந்தன. யாரைக் கூப்பிடுவது? கூப்பிட ஒருவர்தான் உண்டு, அவரும் போனை எடுக்கவில்லை. குழாயை எடுத்து ஒரு நுனியை உள்ளே விட்டேன். கட்டைவிரல் வித்தை எனக்கு வராது. மறுநுனியை வாயில் வைத்து இழுத்தேன். அக்காவைப்போல அளவு தெரியாததால் வாய் முழுக்க அந்த அழுகல் தண்ணீர் வந்தது. ஒரு மடக்கு உள்ளேயும் போய்விட்டது. குமட்டிக் குமட்டித் துப்பினேன். ஆனால் தண்ணீர் வாளியில் இறங்கியது. பாதித் தொட்டியை மாற்றி, மீதி ஆறு மீனும் கீழே இறங்கி நீந்துவதைப் பார்த்துவிட்டு, டிராயரைத் திறந்து கவரை எடுத்தேன். ஆட்டோ பிடித்தேன்.

கோட்டூர்புரத்தில் பாதி வீடுகள் காலியாகியிருந்தன. கதவு, ஜன்னல்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆறிய கஞ்சியைக் கரண்டியால் வாயின் ஒரு பக்கமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னா ரிசப்ஷனு, இங்கியே வந்துட்டே?”

“தொட்டிய இன்னிக்குதான் தொறந்தேன்க்கா. ரெண்டு மீன் செத்துப்போச்சு.”

கரண்டியைத் தட்டில் போட்டார். “நேத்து ஏன் தொறக்கல? நான் வரலைன்னா இன்னா, ஒனக்குக் கை இல்ல? எத்தினி தபா சொல்லிக்கீறேன், நாலாவது நாளு தொறந்துடணும்னு! உள்ள அழுவிக்கினு கீது, நீ இன்னாத்துக்குப் பாத்துக்கினு இருந்தே?”

“பயமா இருந்துச்சுக்கா.”

“பயந்தா? பயந்தா அது அழுவாம இருக்குமா?”

கைப்பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினேன். மெரூன் பொட்டு அப்படியே இருந்தது.

“இதுக்கு இன்னிக்கு எத்தனாவது நாள்க்கா?”

அக்கா கவரைப் பார்த்தார். அப்புறம் நிஜமாகவே எண்ண ஆரம்பித்தார், கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு. ஒரு கை முடிந்து மறுகைக்குப் போனார். பாதியில் நின்றுவிட்டார். பத்தொன்பது என்று நான் சொல்லவில்லை.

“எனக்கும் பயமாத்தான் கீதும்மா” என்றார். முதல் தடவையாக என்னை ரிசப்ஷனு என்று கூப்பிடவில்லை.

பொட்டை அவர்தான் நகத்தால் எடுத்தார். கவரைப் பிரிக்கவில்லை. “டாக்டரே படிக்கட்டும், வா” என்று எழுந்தார். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாலம் தாண்டியதும், “தண்ணிய மாத்தினியா?” என்று கேட்டார். மாற்றினேன் என்றேன். “வாய் வச்சா இஸ்தே?” ஆமாம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நாக்கில் மூன்றில் ஒரு பங்கு போனது. ஊருக்கு வெளியே இருந்த அந்த எட்டாவது மாடியிலிருந்து, இரண்டு பஸ் மாறி, கிளினிக்குக்கு நான்கைந்து தடவை வந்தார். அவர் பேசுவதில் பாதிதான் எனக்குப் புரியும். தொட்டிமுன் உட்கார்ந்து ஏதாவது ஒரு இலையைக் காட்டுவார். அதில் பாசி தொடங்கியிருக்கும். குழாயை என் கையில் கொடுப்பார். நான் இழுத்துத் துப்புவேன். ஒருநாள் குடைத்துணியையும் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கழுத்தில் கட்டி வந்தது. அடுத்த தை மாதம் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் டாக்டரிடம் ஒன்று கேட்டேன். “அந்த மூணு வாரம் முன்னாடியே வந்திருந்தா, சார்?”

“மூணு வாரத்துல பெருசா வித்தியாசம் இருந்திருக்காதும்மா” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எதற்காகத் தொட்டியைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தக் கேள்வியின்மேல் ஒரு பொட்டை ஒட்டி வைத்துவிட்டேன்.

போன வாரம் மறுபடி பாசி வந்தது. திங்கட்கிழமை குடைத்துணியைப் போர்த்தினேன். இன்று வியாழன். எட்டு மணிக்கு வந்து, துணியை எடுத்து, தண்ணீரை மாற்றி, மீன்களை எண்ணிவிட்டேன். ஆறும் இருக்கின்றன. மூலையில் வெளிறிப்போய் நிற்கின்றன, கொஞ்ச நேரத்தில் நிறம் வரும். துணியை மடிக்கும்போது முடிவு செய்தேன், இன்றைக்கு டாக்டரிடம் திரும்பக் கேட்டுவிடுவதென்று. இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்வதென்று.

மணி பத்தாகிறது. கீழே டாக்டரின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. எழுந்து நிற்கிறேன்.